காதுகுத்துப் பத்திரிகையில் உனக்கு உறவில்லாமல் போன விவரம்

ஆரணி,
ஞாயிறு, இரவு மணி 12.40

அன்புத் தம்பி ஹேமநாத்துக்கு அக்கா லாவண்யா எழுதுவது.

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். காவ்யா இப்போதுதான் தூங்கினாள். அவள் கண்ணை மூடினால்தான் எனக்குக் கையும் காலும் சொந்தம். இங்கே நானும் உன் மாமாவும் குழந்தையும் என் மாமனார் மாமியாரும் சுகம். புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, துணியை ஊற வைத்து மறக்காமல், நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். உனக்கு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று உனக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை விட்டு அடுத்த திங்கட்கிழமை காவ்யாவுக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் நீ, உன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதில் இப்போது ஒரு சிக்கல். உன் இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு முழுக் காரணம் நீதான். கோபப்படாமல் படி. பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நான் பாட்டுக்கு வேர்டில் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டிக் குழந்தையின் தடுப்பூசி அட்டவணையைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது யார்? "அக்கா, இன்னமும் இத்தக் கட்டிகினு அழறியா? வெறும் எழுத்தா எழுது, போதும். தலைப்புக்கு முன்னாடி ஒரு ஹேஷ். அழுத்தமா வரணும்னா ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு ஸ்டார். நம்பர் போட்டு புள்ளி வெச்சா பட்டியல். ஒரு ஃபைல் எழுது, ஒரு கட்டளை குடு. பி.டி.எப். வேணுமா, வேர்டு வேணுமா, வெப் பேஜ் வேணுமா, எதுவா வேணும்னாலும் மாத்திக் குடுத்துடும். அழகெல்லாம் மெஷின் பாத்துக்கும்" என்று சொல்லி அந்த மாற்றும் மென்பொருளை என் லேப்டாப்பில் போட்டுவிட்டுப் போனாய். நானும் பி.எஸ்சி. கணிதம் படித்தவள் ஆயிற்றே, ஒரு கை பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். முதல் தடவை மாற்றியதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட வராமல் பக்கம் முழுக்க வெறும் கட்டமாக வந்தது. உன் மாமா புடவைக்கு டிசைன் போடுகிறவர் இல்லையா, எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கே, கிராப் தாள் மாதிரி. அப்படியே ஒரு பிரிண்ட் எடு, பார்டர் போடறேன்" என்றார். அப்புறம் நீ போனில் எழுத்துருவைச் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாய், சரியாயிற்று. அவரும் ஆசைப்பட்டு ஒரு மொக்கு பார்டரை ஸ்டார் ஸ்டாராகத் தட்டிக் கொடுத்தார். மாற்றிப் பார்த்தால் மொக்கெல்லாம் போய் ஒரே ஒரு கோடு நின்றது. "பிளெயின் பார்டர், இதுக்கும் ஆள் இருக்கு" என்று எழுந்து போய்விட்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஏனென்றால் தடுப்பூசி அட்டவணை நன்றாக வந்தது. சத்துமாவு செய்முறை அதைவிட நன்றாக வந்தது. எங்கள் தெருவில் கைக்குழந்தை இருக்கிற வீடு ஒன்று பாக்கியில்லாமல் என் சத்துமாவு பி.டி.எப். போய்ச் சேர்ந்தது. தலை கனத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கனத்தோடுதான் காதுகுத்துப் பத்திரிகையையும் நானே செய்வது என்று கிளம்பினேன். பிரஸ் வைத்திருக்கும் உண்ணாமலை அக்காவை உனக்குத் தெரியும். நம் வீட்டு விசேஷம் எல்லாம் அவர் அடித்துக் கொடுத்ததுதான். ஒரு தாளில் கிறுக்கிக்கொண்டு போனால் போதும், யார் பெயர் மேலே, யார் பெயர் வலது பக்கம், யார் பெயரை விட்டால் யார் சாப்பிடாமல் எழுந்து போவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "இன்னாமா, சித்தப்பன் பேர வுட்டுட்டியே, வம்பு வாணாம், எழுதிக்கறேன்" என்று அவரே சேர்த்துவிடுவார். இந்த முறை நான் பென் டிரைவை நீட்டினேன். "எழுதினு வரலியா?" என்றார். "இல்லக்கா, ரெடியா கொண்டாந்துட்டேன். நீங்க கையே வைக்க வேணாம்" என்றேன். "வெக்கலமா" என்றார். வைக்கவும் இல்லை. இப்போது போய்க் கேட்டதற்கு, "நீதானமா வாணாம்ன. படிச்ச பொண்ணு, புது மாதிரியா போட்டிருக்குதுன்னு நெனச்சேன்" என்கிறார்.

நான் சரி பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. மூன்று முறை பார்த்தேன். உன் மாமா பார்த்தார். என் மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எல்லாரும் பார்த்தது நான் தட்டிய மூல ஃபைலை. அதில் ஒரு குறையும் இல்லை. மாற்றி வந்த பி.டி.எப்.-ஐ எங்கள் வீட்டில் ஒருத்தரும் திறக்கவில்லை. ஊரே புடவையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஊர். நாங்கள் புடவையை மடித்து வைத்துவிட்டு டிசைன் தாளைத் தடவிப் பார்த்து, அருமை அருமை என்று சொல்லியிருக்கிறோம்.

முதல் பத்திரிகையை வீட்டு மூத்த பெண்ணுக்குத்தான் வைக்க வேண்டும் என்று மாமியார் சொன்னதால், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமத்தோடு சேத்துப்பட்டுக்குப் போனோம். உன் மாமாவின் அக்கா கலையரசி அண்ணி அங்கேதானே இருக்கிறார். அவர் கணவர் சம்பந்தம் அண்ணன் தறியிலிருந்து எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கினார். நாத்தனார் புருஷன் என்றாலும் எனக்கு முறைக்கு அண்ணன், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். பத்திரிகையைப் பிரித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். நேரே உள்ளே போனார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கால் கை அலம்பி, நெற்றி நிறைய விபூதியோடு, வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"லாவண்யா, எனுக்குக் கூடப் பொறந்த பொண்ணு இல்ல. நாலும் ஆம்பளப் பசங்க. ஊர்ல அவனவன் தாய்மாமன்னு மாலயப் போட்டுகினு மனையில உக்காரும்போது நான் பந்தியில சாம்பார் வாளியத் தூக்கிகினு சுத்துவேன். அம்பது தாண்டியாச்சு, இனிமே நமக்கு எங்கன்னு இருந்தேன். என் மடிக்கும் ஒரு கொழந்தயக் குடுத்தியேமா."

பக்கத்தில் கலையரசி அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்திரிகை வைத்ததற்கே இப்படி நெகிழ்கிற மனிதரா என்று நானும் கலங்கி, "உங்களுக்கு இல்லாததாண்ணா" என்று சொல்லித் தொலைத்தேன். உன் மாமா வேறு, "நீங்க உக்காந்தா எங்களுக்குப் பெருமதான் மாமா" என்றார். எங்கே உட்கார்ந்தால் என்று அவருக்கும் தெரியாது. பந்தியில் என்று நினைத்தாராம்.

முதல் பத்திரிகை வைத்தாயிற்று என்று, கிளம்பும்போதே பி.டி.எப்.-ஐத் திறக்காமல் வாட்ஸ்அப்பில் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டு, திரும்பி வரும் வழியில் பின் சீட்டில் உட்கார்ந்துதான் பத்திரிகையைப் பிரித்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். காவ்யா விழுந்துவிட்டாள் என்று நினைத்து அவர் போட்ட பிரேக்கில் மிச்சமிருந்த வாழைப்பழம் நசுங்கியது. நடந்தது இதுதான். நான் எல்லாப் பத்திரிகையிலும் இருக்கிறபடி ஒரு வரியில் பெயர், அதற்குக் கீழே அடுத்த வரியில் உறவு என்று இப்படித் தட்டியிருந்தேன்:

ஹேமநாத்
தாய்மாமன்
சம்பந்தம் கலையரசி
அத்தை
தங்கவேலு
தாத்தா
சாவித்திரி
ஆயா
இளஞ்செழியன்
சித்தப்பா

உன் மெஷின் வரிகளைப் பிரித்தெல்லாம் பார்க்காதாம். அத்தனையையும் ஒரே பத்தியாக ஒட்டிவிட்டது. இப்போது நீயே வாய்விட்டுப் படித்துப் பார்: ஹேமநாத், தாய்மாமன் சம்பந்தம் கலையரசி, அத்தை தங்கவேலு, தாத்தா சாவித்திரி, ஆயா இளஞ்செழியன். கடைசியில் சித்தப்பா என்று ஒருத்தர் பெயரில்லாமல் நிற்கிறார், முதலில் நீ உறவில்லாமல் நிற்கிறாய். காதுகுத்துக்கு வந்த மூன்றாம் மனிதர் யாரோ போல.

என் மாமனார் தங்கவேலுவின் மீசையை நீ பார்த்திருக்கிறாய். டீக்கடையில் அவருடைய சிநேகிதர்கள் "வா அத்த, ஸ்ட்ராங்கா லைட்டா?" என்று கேட்கிறார்களாம். நான்கு நாளாக டீ வீட்டில்தான். மாமியார் மட்டும் கலங்கவில்லை. "தாத்தான்னா தாத்தாதான். இத்தினி வருஷமா இந்த வூட்ல ஆம்பள செய்யற வேலையும் நான்தான செஞ்சினு கீறேன், இப்பவாவது அச்சுல வந்துச்சே" என்று மாமனாருக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு போகிறார். பாவம் இளஞ்செழியன்தான். உன் மாமாவின் தம்பி, வேலூரில் கல்லூரி விடுதியில் இருக்கிற பையன். அண்ணன் மகள் காதுகுத்து என்று பெருமையாகப் பத்திரிகையை அறையில் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான். இப்போது விடுதியே அவனை ஆயா என்று கூப்பிடுகிறது. மெஸ்ஸில் "ஆயாவுக்கு மெத்துனு இட்லி போடுங்க" என்கிறார்களாம். போனில் என்னிடம் அழவில்லை, ஆனால் அண்ணி என்றுகூடக் கூப்பிடவில்லை.

இதோடு போயிற்றா? நிகழ்ச்சி நிரலை நான் அழகாக நேரத்தை முன்னால் போட்டு, 6. விநாயகர் பூஜை, 9. காது குத்துதல், 12. விருந்து என்று தட்டினேன். நீதானே நம்பர் போட்டுப் புள்ளி வைக்கச் சொன்னாய். மெஷின் என்ன நினைத்ததோ, இந்தப் பொண்ணுக்கு எண்ணத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, 6, 7, 8 என்று திருத்திக் கொடுத்துவிட்டது. கணிதம் படித்தவளுக்கு இந்த அவமானம் தேவையா? இப்போது எட்டு மணிக்கு விருந்து என்று ஊருக்கே போயாகிவிட்டது. சமையல்காரர் வந்து, "காலைல எட்டு மணிக்கு வத்தக்குழம்பு ஊத்தறதா, இல்ல சட்னியா, ஒரு முடிவு சொல்லுங்க, பேஜாரா கீது" என்கிறார். ஏழு மணிக்குக் குத்தினால் திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம், அதற்குள் இரண்டு காதையும் முடிக்க வேண்டும். என் மாமியார் குழந்தையின் காதை ஒரு தடவை பார்க்கிறார், கடிகாரத்தை ஒரு தடவை பார்க்கிறார்.

பெரணமல்லூர் அபிதகுசாம்பாள் அத்தையின் சங்கதி இதைவிட மோசம். குடும்பத்துக்கே பெரியவர், எண்பது தாண்டியவர், அவர் ஆசியில்லாமல் எதுவும் இல்லை என்பதால் அவர் பெயரை மட்டும் தனியாக நடுவில் கொண்டுவர ஆசைப்பட்டு முன்னால் நாலைந்து ஸ்பேஸ் தட்டினேன். பழக்கதோஷம். அப்படித் தட்டினால் அது ஏதோ கம்ப்யூட்டர் நிரல் என்று எடுத்துக்கொண்டு சாம்பல் நிறப் பெட்டிக்குள் போட்டுவிடுமாம். எனக்கு எப்படித் தெரியும்? பெட்டிக்குள் அபிதகுசாம்பாள் என்று ஒரு பெயர் தனியாக இருந்தால் இந்த ஊரில் என்ன அர்த்தம்? தேவிகாபுரத்திலிருந்து இரண்டு பேர் ரோஜா மாலையோடு பஸ் பிடித்துப் போயிருக்கிறார்கள். அத்தை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். "யாருக்குடா மால?" என்று கேட்டிருக்கிறார். வந்தவர்கள் பத்திரிகையைக் காட்டியிருக்கிறார்கள். விஷயம் புரிந்ததும், "வாங்கினு வந்துட்டீங்க, வீணாப் போவானேன், போடுங்க" என்று கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டு, அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பியிருக்கிறார். மாலையோடு போட்டோவும் எடுத்து எனக்கு அனுப்பச் சொன்னார். வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது.

அத்தையைச் சமாளித்துவிடலாம். ஆயாவையும் தாத்தாவையும்கூடச் சமாளித்துவிடலாம். சம்பந்தம் அண்ணனை என்ன செய்வது, அதைச் சொல். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை, "வேற வேலய நிறுத்திட்டேன்மா, கொழந்தைக்குப் பாவாடை நெய்ய ஆரம்பிச்சிட்டேன், அரக்கு பாடி, பச்ச பார்டர், சரியா?" என்றார். சரிண்ணா என்று வைத்துவிட்டேன். இரண்டாவது முறை கலையரசி அண்ணி எடுத்தார். "மெல்லமாப் பேசு, உள்ள பழகினு கீறாரு" என்றார். என்ன பழகுகிறார் என்றால், முட்டி மடக்கி அரை மணி நேரம் உட்கார வேண்டுமே என்று தினமும் மடியில் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டு உட்காருகிறாராம். "காவ்யா எடை இன்னா இப்போ?" என்று வேறு கேட்டார். பத்தே முக்கால் என்றேன். "அப்போ இன்னொரு முக்கா கிலோ போடணும்" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். ஆசாரி குத்தும்போது குழந்தை உதறினால் பிடிக்க வேண்டும் என்று பையை யாரையாவது ஆட்டச் சொல்லியும் பழகுகிறாராம். மூன்றாவது முறை அவரே எடுத்தார். அப்போது நிஜமாகவே ஆரம்பித்தேன். "அண்ணா, பத்திரிகைல ஒரு சின்னத் தப்பு" என்றேன். "பாத்தேம்மா, எட்டு மணி சாப்பாடுதான? வுடு, பசியோட வந்துடறோம்" என்றார். அதற்கு மேல் எந்த வாயால் சொல்வது?

நீயோ, பத்திரிகையை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு ஒரே ஒரு 'ம்' போட்டாய். நான்கு நாளாக அந்த 'ம்'மைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் போட்டதா, அழுகையில் போட்டதா, ஆபீஸ் மீட்டிங்கில் போட்டதா? நான் பிறந்த வீட்டை மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா? எனக்கு இருப்பது நீ ஒரே தம்பி. என் குழந்தைக்கு நீ ஒரே மாமன். நீ வந்து ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார, வேறு ஒருத்தர் மடியில் என் பொண்ணு அழுதால் அம்மா தாங்குவாளா, நான் தாங்குவேனா? அதற்காக அவரை எழுப்பிவிட்டால் அந்த மனிதர் மறுபடி சாம்பார் வாளியைத் தேடிப் போவார். அதை நினைத்தாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் மாமாவிடம் கேட்டேன். படுத்தபடியே கண்ணைத் திறக்காமல், "ரெண்டு காதுதான, ஆளுக்கு ஒண்ணு" என்றார். முதலில் எரிச்சலாக இருந்தது. யோசித்தால் வேறு வழி தெரியவில்லை. ஒரு காது உன் மடியில், ஒரு காது அவர் மடியில். முதலில் யார் என்று ஒரு சண்டை வரும், பெண் குழந்தைக்கு எந்தக் காது முதலில் என்று மாமியாரைக் கேட்டால் அவர் ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வாள். ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாற்றும்போது ராகு காலம் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நீ வலதா இடதா, உனக்கு எது சம்மதமோ சொல். உனக்கே முதல் உரிமை.

இந்தக் கடிதத்தை பி.டி.எப். ஆகவோ வேறு எதுவாகவோ மாற்றாமல் தட்டினது தட்டினபடி அனுப்புகிறேன். இதில் என் அழுகை எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும்.

நீ தீர்க்காயுசாக இருந்து, காவ்யாவின் காதில் ஆரம்பித்து அவள் கல்யாணம் வரைக்கும் முன்னால் நின்று நடத்த வேண்டும் என்று உன் குலதெய்வத்தையும் என் குலதெய்வத்தையும் சேர்த்து வேண்டிக்கொள்ளும்,

உன் அக்கா,
லாவண்யா

பின்குறிப்பு: இதை அனுப்ப வாட்ஸ்அப்பைத் திறந்து மேலே தள்ளியபோது மூன்று வாரத்துக்கு முன் நீ அனுப்பிய குரல்பதிவு ஒன்று கண்ணில் பட்டது. பதினோரு நிமிடம். முதல் இரண்டு நிமிடம் கேட்டதும் காவ்யா எழுந்துவிட்டாள், மிச்சத்தை அப்புறம் கேட்கலாம் என்று விட்டது, விட்டதுதான். இப்போது காதில் வைத்து முழுக்கக் கேட்டேன். நான்காவது நிமிடத்தில், "வரி முடியற எடத்துல ரெண்டு ஸ்பேஸ் வுடுக்கா, இல்லன்னா எல்லாம் ஒட்டிக்கும்" என்கிறாய். ஐந்தாவதில், "முன்னாடி மட்டும் ஸ்பேஸ் வுட்டுடாத, பொட்டி கட்டிடும்" என்கிறாய். ஆறாவதில் நேரத்தைப் பற்றிச் சொல்கிறாய். ஏழாவதில், "பி.டி.எப்.-ஐத் தொறந்து பாக்காம பிரஸ்ஸுக்குக் குடுக்காத, உன் கால்ல விழறேன்" என்கிறாய். ஆகவே மேலே உன்னைத் திட்டியதை எல்லாம் நீ படிக்காததாக வைத்துக்கொள். அழிக்கலாம் என்று பார்த்தேன், எங்கே தொட்டாலும் ஏதாவது ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது.

பத்தாவது நிமிடத்தில் சொல்கிறாய்: "அக்கா, அம்மாகிட்ட சொல்லாத. பேட்மிண்டன் ஆடும்போது முட்டி திரும்பிச்சு. ரெண்டு மாசத்துக்குத் தரையில சம்மணம் போட்டு உக்காரவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். நான் கண்டிப்பா வர்றேன், ஆனா கொழந்தய மடியில வெச்சிக்க முடியாது. அண்ணன் மொறையில நல்ல மனுஷனா வேற யாரையாவது உக்கார வெச்சிடு. எனக்கு வருத்தமில்ல."

அப்படியென்றால் நீ கேட்டபடியே நான் செய்து, அச்சிலும் போட்டு அனுப்பிவிட்டதாக நினைத்துத்தான் அந்த 'ம்' போட்டிருக்கிறாய். நான்கு நாள் நான் சாப்பிட்ட சாப்பாடு ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை. காது பங்கு போடும் திட்டம் ரத்து. இரண்டு காதும் சம்பந்தம் அண்ணனுக்கே, நீ பக்கத்தில் நாற்காலி போட்டு அவள் கையைப் பிடித்துக்கொள்.

ஏண்டா, முட்டி திரும்பியதைப் பத்தாவது நிமிடத்திலா சொல்வார்கள்? மாடி ஏறுகிறாயா, யார் சமைக்கிறார்கள், வீக்கம் வடிந்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. கால் எப்படி இருக்கிறது என்று சீக்கிரம் பதில் போடு.